தகப்பனின் சொத்தும் பிள்ளையின் விலையும்

குடும்பத்தார் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து பார்க்கும் படங்களை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாகாது. தகப்பனார் எதற்குச் சிரிக்கிறார் என்பதைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை கவனித்துக்கொண்டே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் அத்தகைய படங்களுக்கென்றே ஒரு பருவம் உண்டு. 1975இல் பிறந்த மணிலா மாநகரத் திரைப்பட விழா கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கிப் புத்தாண்டைத் தாண்டி நடைபெறும். அந்நாட்களில் திரையரங்குகள் உள்நாட்டுப் படங்களுக்கே வழிவிடும். பண்டிகைக்குப் பெரியவர்கள் கொடுத்த காசோடு பிள்ளைகளும், பிள்ளைகளின் கைப்பிடித்துப் பாட்டிமாரும் அங்கே கூடுவர். அவர்கள் சிரித்து மகிழ விரும்பும் படங்களில் அலுக்காமல் வந்து நிற்கும் ஒரு பாத்திரத்தைப் பற்றியும், அவனுக்கு எதிரே முகம் சுளித்து நிற்கும் தகப்பனைப் பற்றியும் இங்கே சிந்திப்போம்.

அப்பாத்திரத்தைத் தகாலோக் மொழியில் 'பக்லா' என்பர். நடையிலும் உடையிலும் பெண்மைச் சாயல் கொண்டு, ஆடவரையே விரும்பும் ஆடவனைக் குறிக்கும் சொல் அது. மேலைநாட்டார் வழங்கும் ஒருபாலினத்தவர் என்ற சொல்லுக்கு அது நேர் நிகரன்று. நடை, தோற்றம், நாட்டம், தொழில் அனைத்தையும் ஒருசேரச் சுட்டி நிற்பது. அந்நாட்டு அறிஞர் நீல் கார்சியா 1996இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இச்சொல்லின் வரலாற்றை விரிவாக எடுத்துரைத்துள்ளார். அழகு நிலையத்தில் கத்தரிக்கோலும் கையுமாக நிற்பவன், வாய் ஓயாதவன், வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுபவன், அனைவரையும் சிரிக்கவைத்துவிட்டுத் தனியே அழுபவன் என்பதே திரையில் அவனுக்கு வாய்த்த உருவம்.

இப்பாத்திரத்தை வைத்துப் பின்னப்படும் கதைகளுள் ஒன்று நம் கருத்தைத் தனியே ஈர்க்கிறது. செல்வம் படைத்த தகப்பன் ஒருவர். அவருக்குப் பிள்ளைகள் இருவர் அல்லது மூவர், அனைவரும் பக்லாக்கள். தகப்பனாருக்கோ அந்தப் போக்கு அறவே பிடிக்காது. நோயோ மூப்போ வந்து சேர, 'உங்களில் எவன் ஆண்மகனாக நிமிர்ந்து நிற்கிறானோ அவனுக்கே என் சொத்து' என்கிறார். அவ்வளவுதான், உடன்பிறந்தோர் போட்டியில் இறங்குகின்றனர். ஒருவன் குரலைத் தடிப்பாக்கிக்கொள்கிறான். ஒருவன் வாடகைக்குக் காதலி தேடுகிறான். ஒருவன் மற்றவனின் முகப்பூச்சுப் பெட்டியைத் தகப்பன் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு நழுவுகிறான். அரங்கம் அதிரச் சிரிக்கிறது.

இந்தச் சிரிப்பின் பொறி எங்கே இருக்கிறது? வேடமிட்டவன் ஒருவன், அவனை நம்பும் உலகம் ஒன்று என்றிருந்தால் அது பழைய நாடகத்து ஆள்மாறாட்டம். இங்கே வேடமிட்டவனின் பக்கத்திலேயே அவன் உண்மையை அறிந்தவன் அமர்ந்திருக்கிறான். அவனும் வேடத்தில்தான் இருக்கிறான். அண்ணனைக் காட்டிக்கொடுக்கத் தம்பியால் முடியும்; ஆனால் அண்ணனைப் பற்றி அவனுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி உடனே தம்பியின் கழுத்தைப் பிடிக்கும். உலகத்தில் தன்னை முழுவதும் அறிந்த ஒரே துணை தன் உடன்பிறப்புத்தான். தனக்கு வரக்கூடிய ஒரே ஆபத்தும் அவன்தான். இந்த இரட்டை நிலையை உணர்ந்து எழுதப்படும் காட்சி நகைச்சுவையில் உயர்ந்து நிற்கும். அதை உணராமல் இடுப்பொடித்து நடப்பதும் கீச்சுக்குரலில் அலறுவதுமே போதும் என்று எழுதப்படுவதோ வெறும் கூத்தாகிவிடும்.

உடன்பிறந்தோரை இவ்வாறு எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பது அந்நாட்டுத் திரைக்குப் புதிதன்று. 1954இல் சம்பகீட்டா நிறுவனம் வெளியிட்ட 'ஜாக் அண்ட் ஜில்' படத்தில் ஆண்போலத் திரியும் சகோதரியும் பெண்போல நடக்கும் சகோதரனும் வருகின்றனர். அந்தச் சகோதரனாக நடித்தவர் டால்ஃபி. பின்னாளில் அந்நாட்டின் நகைச்சுவை மன்னர் என்று போற்றப்பட்டு, 2012இல் மறைந்த அவரே பக்லாப் பாத்திரத்துக்கு வெள்ளித்திரையில் நிலையான வடிவம் தந்தவர். 1969இல் அவர் நடித்த 'ஃபசிஃபிகா ஃபலைஃபை' படம் இன்றளவும் பேசப்படுகிறது. மகளுக்கு ஏங்கிய தாய் தன் மகனைப் பெண்பிள்ளையாகவே வளர்த்துவிடுகிறாள். பிறகு அவனை ஆண்மகனாக்கும் பொறுப்பைச் சகோதரர்கள் ஏற்றுக்கொண்டு படாதபாடு படுத்துகின்றனர். முடிவில் ஒரு பெண்மீது கொண்ட காதல் அவனை 'மாற்றி'விடுகிறது. கதை அவனை இரண்டு மணிநேரம் பக்லாவாக வைத்துச் சிரித்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஆணாக்கிக் குடும்பத்திடம் ஒப்படைக்கிறது. பார்த்தவர்கள் நிம்மதியாக வீடு திரும்பலாம். ஆனால் அந்த நிம்மதிக்காக அவன் தன்னையே கைவிட வேண்டியிருந்தது.

இதே டால்ஃபியைக் கொண்டு 1978இல் இயக்குநர் லினோ புரோக்கா எடுத்த படம் இக்கேள்வியைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது. அதன் பெயர் 'ஆங் தாதய் கோங் நானய்'. 'என் தந்தையே என் தாய்' என்று பொருள் கொள்ளலாம். கோரிங் என்ற பக்லாவிடம் அவனுடைய முன்னாள் நண்பன் தன் கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கடல்கடந்து போய்விடுகிறான். கோரிங் அப்பிள்ளையை ஊட்டி வளர்க்கிறான். பிள்ளைக்காகத் தன் ஆடை அணிகளையும் தோழர் கூட்டத்தையும் மறைத்து, ஆணாக நடிக்க முயல்கிறான். செல்வம் சேர்த்துவிட்ட பெற்ற தாய் ஒருநாள் உரிமை கோரி வந்து நிற்கிறாள். ஒரு பக்கம் மாளிகை. மறுபக்கம் கோரிங்கின் சிறுவீடு. பிள்ளையின் மனம் எப்பக்கம் சாய்கிறது என்பதில் புரோக்கா நமக்கு ஐயம் வைக்கவில்லை. சொத்து எதிலும் அடங்காத ஒரு பந்தத்தை அவர் நகைச்சுவைக்குள்ளேயே காட்டிவிட்டார். இங்கே பக்லா தகப்பனிடம் கையேந்தி நிற்கவில்லை. அவனே தகப்பன்.

புரோக்கா போட்டுத்தந்த இந்த வழியில் அவருக்குப் பின் வந்த வணிகப் படங்கள் வெகுதூரம் நடந்தன என்று சொல்வதற்கில்லை. 2010 முதல் வெளிவந்து பெருவசூல் கண்ட மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் இயக்கியவர் வென் தெராமாஸ். மூன்றிலும் நாயகர் வைஸ் கண்டா. தம்மைப் பக்லா என்று ஒளிவுமறைவின்றி அறிவித்துக்கொண்டு புகழின் உச்சியை எட்டிய நடிகர் அவர்.

முதலாவது 2010இல் வந்த 'பெட்ராங் கபாயோ'. 1988இல் ரொடெரிக் பவுலாத்தே நடித்த படத்தின் மறுவடிவம். தகப்பனின் அடிக்கு அஞ்சி வீட்டைவிட்டு ஓடிய பிள்ளையைப் பண்ணைச் சீமாட்டி ஒருத்தி வளர்க்கிறாள். அவள் சொத்து அவனுக்கே வந்து சேர்கிறது. சொத்து வந்ததும் அவன் கொடியவனாகிறான். தான் பட்ட அடியை வேலையாட்கள்மீதும் வாயில்லாப் பிராணிமீதும் இறக்குகிறான். சினம் வரும்போதெல்லாம் குதிரையாக மாறும் சாபத்துக்கு ஆளாகிறான். மேலுக்குக் கோமாளிக்கதை, உள்ளுக்குள் கசப்பான உண்மை. அந்தப் பண்ணையோடு தன் தகப்பனின் கைப்பிரம்பையும் சேர்த்தே அவன் வாரிசாகப் பெற்றுக்கொண்டான்.

இரண்டாவது 2011இல் வந்த 'பிரேபெய்ட் பெஞ்சமின்'. வெளிவந்த காலத்தில் பிலிப்பைன்ஸ் படங்களின் வசூல் அளவுகளையெல்லாம் முறியடித்தது. தலைமுறை தலைமுறையாகப் படைவீரர்களை ஈன்ற குடும்பத்தில் பக்லாப் பேரன் ஒருவன். பாட்டனார் தளபதி, இப்பேரனைத் தம் குலத்தோடு சேர்த்துப் பார்க்க அவர் மனம் ஒப்பவில்லை. நாட்டில் கலகம் மூளுகிறது. பேரன் படையில் சேர்ந்து வீரம் காட்டிய பிறகே குலப்பெயருக்கு உரியவனாகிறான்.

மூன்றாவது 2013ஆம் ஆண்டுத் திரைவிழாவில் வந்த 'கேர்ள், பாய், பக்லா, டாம்பாய்'. ஒரே பிரசவத்தில் பிறந்த நால்வர்; நால்வராகவும் வைஸ் கண்டாவே நடித்தார். இருவர் தகப்பனோடு அமெரிக்காவில் வளமாக வளர்கின்றனர். பக்லாவும் ஆண்சாயல் கொண்ட பெண்ணும் தாயோடு சொந்த நாட்டில் எளிமையாக வளர்கின்றனர். வளமாக வளர்ந்த சகோதரனுக்குக் கல்லீரல் நோய் வருகிறது. பகுதிக் கல்லீரலைத் தானம் செய்யும் கடமை பக்லாவின் தலைமேல் வந்து இறங்குகிறது.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரு கணக்கு புலப்படுகிறது. மற்றப் பிள்ளைகள் பிறந்ததனாலேயே பிள்ளைகள். பக்லா மட்டும் பிள்ளையாவதற்கு ஏதேனும் செலுத்த வேண்டியிருக்கிறது. ஒரு படத்தில் போர். ஒரு படத்தில் உடலுறுப்பு. பழைய படத்தில் தன் இயல்பையே துறந்து ஒரு பெண்ணைக் கைப்பிடிப்பது. சொத்துப் போட்டிக் கதை இந்தக் கணக்கின் வெளிப்படையான வடிவம். மற்றப் படங்கள் மறைத்துப் பேசும் விலையை அது பணமாகவே மேசைமேல் பரப்பிவைக்கிறது. அந்த வகையில் அது நேர்மையானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் விலை கேட்கும் உரிமை தகப்பனுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. பிள்ளைகள் ஓடுகின்றனர், விழுகின்றனர், நாணுகின்றனர். தகப்பன் நாற்காலியைவிட்டு அசைவதில்லை. கடைசிக் காட்சியில் அவர் கண்ணில் ஒரு துளி நீர் வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிட்டதாகப் படம் முடிந்துவிடுகிறது.

இக்கேள்விக்குத் திரையில் விடை கிடைக்காவிட்டாலும் அந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் கிடைக்கிறது. ஸ்பானியர் ஆட்சியில் வேரூன்றிய வாரிசுமுறையைத் தழுவி 1949இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த பிலிப்பைன்ஸ் குடிமைச் சட்டத்தில், தகப்பன் தன் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதிவைக்க இயலாது. சரிபாதி முறையான மக்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அது அவர் கொடுக்கும் பரிசன்று, அவர்களின் உரிமை. வாரிசுரிமையைப் பறிக்க வேண்டுமானால் மரண சாசனத்தில் காரணம் காட்டியாக வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் ஏற்கும் காரணங்கள் 8 மட்டுமே. தகப்பனின் உயிருக்கு உலைவைக்க முனைந்தது, பொய்க்குற்றம் சுமத்தியது, காரணமின்றி அவரைப் பேணாமல் கைவிட்டது போன்றவை அவை. அவற்றுள் ஏழாவது, மானக்கேடான அல்லது இழிவான வாழ்க்கை நடத்துவது. திரைப்படத் தகப்பன்மார் ஒளிந்துகொள்ள விரும்பும் இடம் அந்த ஏழாவது காரணந்தான். எது இழிவு? ஊரார் சிரிப்பது இழிவா, உடன்பிறந்தவனைக் காட்டிக்கொடுப்பது இழிவா? போட்டியின் நிபந்தனையே பிள்ளைகளைப் பொய்யராகவும் கோள்மூட்டுவோராகவும் ஆக்கும்போது, அந்த இழிவை விதைத்தவர் யார்?

அச்சட்டத்தில் இன்னொரு விதி நம் உள்ளத்தைத் தொடுகிறது. தகப்பனும் பிள்ளையும் பின்னர் மனமொத்துவிட்டால், வாரிசுரிமையைப் பறிக்கும் அதிகாரம் தகப்பனுக்கு இல்லாமற்போகும். முன்பே எழுதிய பறிப்பும் செல்லாததாகிவிடும். ஒரு சொல், ஓர் அணைப்பு, மனமார்ந்த ஒரு பொறுத்தல் ஆகியவற்றுக்கு முன்னே எழுதிய தாள் தோற்றுப்போகும் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. நகைச்சுவைப் படம் எடுப்போர் தேடித் திரியும் முடிவுக்காட்சி இதைவிட அழகாக எங்கே கிடைக்கும்!

அந்நாட்டு முஸ்லிம்களுக்கு நிலைமை வேறு. அவர்களுக்கென 1977இல் தனியார் சட்டத் தொகுப்பு ஒன்று பிறப்பிக்கப்பட்டது. அதன்படி மரண சாசனத்தால் எழுதிவைக்கக்கூடியது மூன்றில் ஒரு பாகத்துக்கு மேற்படாது. எஞ்சியவை வகுக்கப்பட்ட பங்குகளாகவே பிரியும். நம் வாசகர்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடக்கும்போதெல்லாம் கேட்டுப் பழகிய முறைதான் இது. வாப்பாவின் கோபமோ செல்லமோ பிள்ளைகளின் பங்கை ஏற்றவோ இறக்கவோ முடியாது என்பதில் அடங்கியிருக்கும் தெளிவை நாம் அறிவோம். பக்லாக்களின் வாழ்வைப் பற்றி அவரவர் கொண்ட கொள்கை எதுவாயினும், பிள்ளைகளிடையே நீதி தவறலாகாது என்ற பாடத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சொத்தைச் சாட்டையாகச் சுழற்றும் தகப்பனைக் கண்டு நாம் சிரிக்கும்போது, அச்சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டாமா?

'நகைச்சுவையை இப்படித் துருவலாமா? சிரித்துவிட்டுப் போவதற்கு எடுத்த படமன்றோ' என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் உண்டு. கத்தோலிக்க மரபு ஆழ ஊன்றிய ஒரு நாட்டில் பக்லாவைக் கூடத்துக்குள் அழைத்துவந்து பாட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தது நகைச்சுவைதான். மேடைப்பேச்சால் திறக்காத கதவுகள் டால்ஃபியின் கேலியால் திறந்தன. சிரிக்கவைக்கும் மனிதனை வெறுப்பது எளிதன்று என்ற உண்மையைப் பக்லாக்களும் அறிந்து தம் கேடயமாக்கிக்கொண்டனர். வைஸ் கண்டாவின் நாக்கில் இருக்கும் கூர்மை பிறர் எறிந்த கல்லைத் திருப்பியெறியக் கற்ற கூர்மை. இவையெல்லாம் மறுக்கத்தக்கவை அல்ல. ஆயினும், கூடத்துக்குள் வந்தவன் எழுபது ஆண்டுகளாக அங்கே நின்றுகொண்டே இருக்கிறான். உட்காரச் சொல்ல ஒருவரும் இல்லை. சிரிக்கவைக்கும் வரைதான் அவனுக்கு இடம் என்றால் அது விருந்தோம்பல் ஆகாது.

இவ்விடத்தில் 2016ஆம் ஆண்டுத் திரைவிழாவில் வந்த 'டை பியூட்டிஃபுல்' படத்தை நினைவுகூர வேண்டும். இயக்கியவர் ஜுன் லானா. டிரிஷா என்ற திருநங்கையாக நடித்த பாவோலோ பலெஸ்டெரோஸ் அதே ஆண்டு டோக்கியோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். நகைச்சுவையும் துயரமும் கலந்த அப்படத்தில் சொத்துப் போட்டி இல்லை. ஆனால் அதைவிட ஆழமான வாரிசுப் போட்டி இருக்கிறது. அழகுப்போட்டிகளில் கலந்துகொள்ளும் பிள்ளையைத் தகப்பன் முன்பே வீட்டைவிட்டு விரட்டிவிட்டார். டிரிஷா இறந்துபோகிறாள். அடக்கத்துக்கு முந்தைய நாட்களில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு புகழ்பெற்ற பெண்மணியின் ஒப்பனையில் தன் உடல் கிடத்தப்பட வேண்டும் என்பது அவள் கடைசி விருப்பம். தகப்பனோ வந்து நின்று, 'என் மகன் ஆணாகவே அடக்கப்பட வேண்டும்' என்கிறார். தோழியர் உடலை எடுத்துக்கொண்டு மறைகின்றனர். வழக்கமான கதையில் பிள்ளை தகப்பனின் பொருளுக்கு வாரிசாக ஏங்கும். இங்கே தகப்பன் பிள்ளையின் உடலுக்கு வாரிசாக வந்து நிற்கிறார். உயிரோடிருந்தபோது வேண்டாமென்று தள்ளியதை உயிர் போனபின் உரிமை கோருகிறார். டிரிஷாவோ தன் வாழ்நாளில் ஓர் அநாதைக் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தவள். யார் தகப்பன், யார் பிள்ளை, யார் யாருக்கு எதை விட்டுச் செல்கின்றனர் என்ற கேள்விகள் அந்தப் பிணப்பெட்டியைச் சுற்றி எழும்போது, அரங்கில் சிரித்துக்கொண்டிருந்தவர்களின் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

சொத்துப் போட்டிப் படங்கள் எழுத முனைவோர் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகள் எதைப் பெறப்போகின்றனர் என்பதிலேயே கண் வைக்கும் கதை சீக்கிரம் சலித்துப்போகும். தகப்பன் எதை இழந்துகொண்டிருக்கிறார் என்பதில் கண் வைத்தால் அதே கதை உயிர்பெறும். போட்டி நடக்கும் அத்தனை நாளும் அவர் எதிரே இருப்பவர்கள் அவருடைய பிள்ளைகள் அல்லர். அவர் கேட்ட வேடங்கள். தன் இரத்தத்தை ஒருமுறையேனும் நேருக்குநேர் காணாமல் கண்மூடப்போகும் முதியவர் ஒருவரைவிடப் பரிதாபத்துக்கும் நகைப்புக்கும் உரியவர் யார்? உடன்பிறந்தோர் போட்டியைக் கைவிட்டு ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு நின்றுவிட்டால், அந்த மரண சாசனம் ஒரு காகிதத் துண்டு. அந்தக் காட்சிக்குக் கூட்டம் கைதட்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எழுதும் துணிவுதான் வேண்டும்.

முடிக்குமுன் நகைச்சுவைக்கு வெளியே ஒரு செய்தி. 2000இல் கில் போர்த்தெஸ் இயக்கத்தில் 'மார்கோவா' என்ற படம் வந்தது. ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது பெருங்கொடுமைக்கு உள்ளான வால்டர் டெம்ப்ஸ்டர் என்ற ஒருபாலினத்தவரின் மெய்யான வாழ்க்கை அது. முதுமைப் பருவத்தில் டால்ஃபி நடித்தார்; இளமைப் பருவங்களில் அவருடைய மகன்கள் எரிக்கும் ஜெஃப்ரியும் நடித்தனர். தகப்பனும் மக்களும் ஒரே மனிதனின் வேதனையை மூன்றாகப் பகிர்ந்து சுமந்தனர். யாரும் யாரையும் முந்தவில்லை. யாருடைய பங்கும் குறையவில்லை.